பளிங்குப் பெண்ணுக்கு ஒரு சால்வை

வெளியே பனி கொட்டுகிறது. அலன் கார்டன்ஸ் பூங்காவின் கண்ணாடி மாளிகைக்குள் வாழை குலை தள்ளி நிற்கிறது. குளிர் ஊரில் வாழையும் பனையும் வளர்த்துப் பார்க்க அந்தக் காலத்துத் துரைமாருக்கு ஆசை. பலனை இன்று ஸ்காபரோவில் இருந்து வந்த கல்யாணக் கூட்டம் அனுபவிக்கிறது. மணப்பெண் குளிர்கோட்டைக் கழற்றிவிட்டுக் கூறைச் சேலையோடு நிற்கிறாள். பக்கத்தில் சின்னத் தண்ணீர்ச் சக்கரம் ஒன்று வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

புகைப்படக்காரர் காட்டிய இடம் அழகுதான். ஆனால் பின்னால் ஒரு பளிங்குப் பெண் சிலை. அருகில் அன்னம், உடம்பில் துணி இல்லை.

"உந்தப் படம் ஊருக்குப் போறது, தம்பி. மாப்பிள்ளையின்ர தகப்பன் கோயில் தர்மகர்த்தா," என்கிறார் மணப்பெண்ணின் சித்தப்பா, குளிருக்கு ஒதுங்கிய என்னிடம். சொல்லிக்கொண்டே தன் சரிகைச் சால்வையை எடுத்துச் சிலையைக் கழுத்துவரை போர்த்துகிறார்.

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள் வந்து, இது என்ன என்று கேட்கிறாள்.

சித்தப்பா அசரவில்லை. "மதிப்புக்குரியவர்களுக்கு நாங்கள் சால்வை போர்த்துவோம்," என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். பொய் இல்லை.

அம்மாளின் முகம் மலர்கிறது. இத்தனை காலத்தில் இந்தச் சிலைக்கு யாருமே மரியாதை செய்ததில்லையாம். ஒரு சிவப்புப் பூந்தொட்டியைத் தூக்கி வந்து சிலையின் காலடியில் வைக்கிறாள். மணமக்களைத் தோளில் பிடித்து ஆளுக்கொரு பக்கம் நிறுத்துகிறாள். கமெரா மின்னுகிறது.

சித்தப்பா என் காதருகே குனிகிறார்.

"இனி படத்தில இருந்து ஆளை வெட்டி எடுக்கவும் ஏலாது, தம்பி. நடுவில நிக்கிறா."