மொட்டைமாடி ஆள்காட்டி

எங்கள் முதலாளி தன் கையால் வெல்டிங் அடித்து நான் பார்த்தது ஒரே ஒரு பொருள்தான்: முழங்கால் உயரக் கம்பிவலை. திருமுடிவாக்கத்தில் எங்கள் பட்டறை ஆபீஸின் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அங்கே கொட்டிக் கிடந்த ஜல்லியில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. ஏரிக்கரையெல்லாம் ஷெட்டாகிவிட்ட ஊரில் அதற்குச் சரளைத் தரை என்று மிஞ்சியது அதுதான். டீ குடிக்க மெஷினை நிறுத்தினால்கூட வாய்க்கு வந்தபடி ஏசுகிற மனுஷன், குஞ்சுகள் ஓரத்துக்கு ஓடுவதைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஐயய்யோ, வுய்ந்துச்சுன்னா இன்னாய்யா ஆவறது?" என்று மதியத்துக்குள் மாடியைச் சுற்றி வலையடித்து, நொய்யும் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

தாய்ப்பறவை கீழே கேட்டருகில் நின்று நாளெல்லாம் கத்தியது; மெஷின் ஓயும்போதெல்லாம் காதில் விழுந்தது. "நம்மளத்தான் திட்டுது, வுடு," என்று சிரித்தார். மறுநாள் மாலை பார்த்தால், ஒன்றைத் தவிர மற்றவை செத்துச் சுருண்டு கிடந்தன. என் மனைவி தாம்பரத்தில் விலங்கியல் டீச்சர். போனில் கேட்டதும் கத்தினாள்: "அது காக்கா மாதிரி ஊட்டாதுங்க! குஞ்சு தானா நடந்து மேயணும். அம்மா கீழ இறங்கிக் கூப்பிடும், இதுங்க குதிக்கும். பஞ்சு மாதிரி இருக்கும், ஒண்ணும் ஆகாது. வலைய எடுக்கச் சொல்லுங்க!"

முதலாளி உடனே வலையை வெட்டி எடுத்தார். மிச்சமிருந்த குஞ்சுக்குக் குதிக்கத் தெம்பில்லை. உள்ளங்கையில் ஏந்திக் கீழே கொண்டுவந்து விட்டார். தாய் ஓடிவந்து சிறகை விரித்துக் கூப்பிட, குஞ்சின் கால்கள் மடங்கின. "திட்டலய்யா அது... புள்ளைங்களக் கூப்ட்டுகினு இருந்துகீது," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தரையில் பொரித்துத் தரையிலேயே நடந்து வந்த இனம் அது. எத்தனையோ யுகமாக ஊறிய அந்தப் புத்தி மாடிக்கு வந்தும் மாறவில்லை. விளிம்பில் நிற்கும் பிள்ளையைக் கண்டால் கையை நீட்டித் தடுப்பது நம் ரத்தத்தில் ஊறியது. அவர் மேல் என்ன தப்பு சொல்ல?

அடுத்த வருஷத்திலிருந்து, குஞ்சு பொரிக்கும் நாளில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். "அது கூப்புடறது குஞ்சுங்க காதுல வுயட்டும்." ஆர்டர்காரர்கள் போனில் கிழிப்பார்கள், காதில் வாங்கமாட்டார். குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதித்து, உருண்டு, எழுந்து ஓடும்.

போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்வது அவர் மகன், நல்ல பையன்தான். இன்று காலை மாடியில் குஞ்சுகள் பொரித்திருந்தன. போய்ச் சொன்னேன். "இன்னிக்கு லோடு போயே ஆவணும்ணா. எப்படிணா ஆஃப் பண்றது?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கேட்டருகில் ஆள்காட்டி மாடியை அண்ணாந்து பார்த்து நிற்கிறது. அலகு திறந்து திறந்து மூடுகிறது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.