சிக்கன் டிப்பும் சின்னம்மாவின் கிண்ணமும்

என் சின்னம்மா மலர்க்கொடிக்கு ஐம்பத்தெட்டு வயது. என் அம்மா இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. செந்துறைப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் களையெடுத்தும் கடலை பறித்தும் என்னை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தவர் சின்னம்மாதான். கொல்லைக்காரர் வீட்டில் அவருக்குக் காபி தனி லோட்டாவில் வரும். குடித்ததும் தானே கழுவி, மாட்டுக்கொட்டகைச் சுவர்மேல் கவிழ்த்துவிட்டு வர வேண்டும்.

"நீ படிச்சு ஒரு வேலைக்குப் போயிட்டா இந்த லோட்டா நம்மள வுட்டுப் போயிடும் அரசி" என்பார்.

படித்தேன். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. போன சித்திரையில் பதவி உயர்வு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்ட்டி வைத்தேன். பிரியாணி போட்டால் போதாதா? மகாராணி எனக்கு யூடியூபில் பார்த்த சிக்கன் டிப்தான் வேண்டும். எலும்பில்லாத கறியைப் பூண்டும் உப்பும் போட்டு வேகவைத்து உதிர்க்க வேண்டும். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர், க்ரீம், சீஸ், மிளகுத்தூள் சேர்த்துக் கலக்கினால் முடிந்தது. நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், சுற்றிலும் சிப்ஸ். எல்லோரும் ஒரே கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிட வேண்டும், அதுதான் நாகரிகமாம்.

என் மேலதிகாரி சிவசுப்பிரமணியன் சாரும் அவர் மனைவி வேணியும் ஆய்வகத்து ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். சார் பாதி கடித்த சிப்ஸையே மறுபடி கிண்ணத்தில் தொட்டார். நான் பார்த்தேன், சிரித்தேன்.

அப்போதுதான் சின்னம்மா முந்திரிப்பழப் பையோடு வந்து நின்றார். பதவி உயர்வைப் போனில் சொல்லியிருந்தேன். பார்ட்டியைச் சொல்லவில்லை.

"என்னாடி இது கொழகொழன்னு" என்று ஒரு சிப்ஸை எடுத்துத் தொட்டுக் கடித்தார். "நல்லாத்தான் இருக்கு." கடித்த மீதியை மறுபடி தொட்டார். வேணி தன் கையிலிருந்த சிப்ஸைத் தட்டில் வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "சின்னம்மா, உங்களுக்குத் தனியா எடுத்துத் தரேன், உள்ள வாங்க" என்று சமையலறைக்கு அழைத்துப்போய், ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? அவர் கண்ணெதிரிலேயே கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துவந்து, இருந்ததையெல்லாம் பாத்திரம் துலக்கும் தொட்டியில் கொட்டினேன். ஃபிரிட்ஜில் இருந்த மீதி டிப்பை வேறு கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன். சாரின் எச்சில் எனக்கு எச்சிலாகவே தெரியவில்லை. ஏறிவந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்கள், அதை நான் சிரித்த முகத்தோடு செய்தேன்.

சற்று நேரத்தில் சின்னம்மா கூடத்துக்கு வந்தார். "மூணு மணி பஸ்ஸுக்குப் போயிட்டு வரேன் அரசி."

"இருங்க சின்னம்மா, சாயங்காலம் போலாம்."

"வந்தவங்கள கவனி. நான் சாப்ட்டேன்."

முகத்தில் கோபம் இல்லை. அவர் கிளம்பியதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்.

எல்லோரும் போனபின் பாத்திரம் துலக்கப் போனேன். தொட்டியில் அந்த எவர்சில்வர் கிண்ணம் இல்லை. அலமாரியிலும் இல்லை. பின்கதவைத் திறந்தேன்.

வெளிக்குழாய்ப் பக்கத்து மதில்மேல், பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.