கழுவாமல் தின்ற வெள்ளரிப் பிஞ்சு

எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. அப்போது நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் கிராம சேவகராக இருந்தேன். கருங்குழியைச் சுற்றியிருந்த சில கிராமங்கள் என் பொறுப்பு. சைக்கிளில் போய் விவசாயிகளைப் பார்த்து விதை, உரம், பூச்சி மருந்து பற்றிச் சொல்ல வேண்டும். குடியிருந்தது செங்கல்பட்டில். வேலை அதிகமிருந்தால் கருங்குழியிலேயே ஒரு அறையில் தங்கிவிடுவேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மனைவிக்கு அது ஆறாவது மாதம்.

ஏரியை ஒட்டிய கிராமம் ஒன்றில் ஒரு அம்மா ஒண்டியாக வெள்ளரி பயிர் செய்துவந்தார். கொடியெல்லாம் வண்டு விழுந்து இலை சல்லடையாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தேன். இன்ன மருந்து, ஒரு டின் தண்ணீருக்கு ஒரு மூடி, காற்று அடங்கிய பிறகு தெளியுங்கள் என்று சொன்னேன். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகிற நாள். பஸ்ஸை விட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சொன்னதோடு சைக்கிளை மிதித்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, கருங்குழியில் தங்கிய மறுநாள் காலை, அந்தப் பக்கம் போனேன். கொல்லைக்குள் கால் வைத்ததுமே மருந்து வாடை மூக்கில் ஏறியது. அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார்.

"சார், ஒரு வண்டு இல்ல பாருங்க. நேத்து சாயங்காலம் அட்ச்சேன். நீங்க ஒரு மூடின்னீங்க, பத்துமோ பத்தாதோன்னு ரெண்டா ஊத்திட்டேன்."

கொடிகளைப் பார்த்தேன். பிஞ்சு ஒன்றுகூட இல்லை.

"பிஞ்செல்லாம் எங்கம்மா?"

"விடிகாலையிலயே பறிச்சாச்சு. உட்டா முத்திப்பூடும்ல? மூட்டை கட்டி வண்டி ஏத்திட்டேன். எங்கண்ணன்தான் செங்கல்பட்டு மண்டிக்கு எடுத்துகினு போனாரு. உங்க வூட்டுக்கும் ஒரு பை குட்த்தனுப்பிகீறேன் சார். வாயும் வயிறுமா கீறாங்கன்னு சொன்னீங்களே, பச்சையாவே துன்னட்டும்."

மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது அது. மருந்து டின்னிலும் போட்டிருக்கும், பொடி எழுத்தில், இங்கிலீஷில். அந்த அம்மாவுக்குத் தமிழே படிக்க வராது. அவருக்கு அதைச் சொல்ல இருந்த ஒரே ஆள் நான். பஸ்ஸுக்கு அவசரப்பட்டு, சொல்லாமல் போயிருந்தேன்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்ச்சு?"

"இனிமே நான் சொல்ற வரைக்கும் ஒரு பிஞ்சுகூட பறிக்காதீங்க. உங்க வீட்டுல யாராவது தின்னாங்களா?"

"எங்களுக்குத்தான் அலுத்துப்பூட்சே சார், யாரும் துன்ல."

அதற்குமேல் நிற்கவில்லை. ரோட்டுக்கு வந்து, தெரிந்த டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளரிப் பிஞ்சு என்றால் அவளுக்கு உயிர். மசக்கையில் சோறு இறங்காத நாளில்கூட அது இறங்கும். கழுவுகிற வழக்கமே கிடையாது. புடவைத் தலைப்பில் ஒரு துடை, அவ்வளவுதான். கழுவினால் ருசி போய்விடும் என்பாள். நானும் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன்.

போன் பேசுகிற காலம் இல்லை அது. எங்கள் தெருவிலேயே யார் வீட்டிலும் போன் கிடையாது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. வழியில் ஒரு நிறுத்தத்தில் ஒரு அம்மா கூடையோடு ஜன்னலடிக்கு வந்து வெள்ளரிப் பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தார். முன் சீட்டுக்காரர் வாங்கி மடியிலிருந்த பெண் குழந்தைக்கு ஊட்டினார். கடித்து மெல்லும் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணுக்கு முன்னால் என் மனைவியும் அவள் வயிறும்தான் இருந்தது. பயிற்சியில் படித்த விஷக் குறிகளெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. வாந்தி, வாயில் எச்சில் ஒழுகுதல், கண் மணி சுருங்குதல், வலிப்பு. பாலாற்றுப் பாலத்தில் எதிரே மாட்டு வண்டிகள் வந்து பஸ் ஊர்ந்தபோது, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

செங்கல்பட்டில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனால், கதவு பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப்பார்த்தார்.

"பக்கத்து வூட்டுக்காரங்களோட மாவலிபுரம் போய்கீறா. உங்களுக்குத் தெரியாதா? கடலப் பாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிகினு இருந்தாளே."

"காலையில ஒரு பை வந்துதாம்மா?"

"வெள்ளரிப் பிஞ்சுதானே? வழியில துன்றதுக்குன்னு அதத்தான் எடுத்துகினு போனாங்க."

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் பஜாரில் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார். அந்த வீட்டு அம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும் என் மனைவியிடம் பிரியமாக இருப்பார்கள். இப்போது என் பயம் இரண்டு உயிரிலிருந்து ஐந்து உயிராகிவிட்டது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து மகாபலிபுரத்தில் இறங்கியபோது உச்சி வெயில். கடற்கரைக் கோயில் பக்கம் ஓடினேன். மணல் செருப்பை இழுத்தது. சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், பிள்ளைத்தாச்சி ஒருத்தி, கூட இரண்டு சின்னப் பெண்கள் என்று அடையாளம் சொல்லிக் கேட்டேன். "தோ, அந்த சவுக்குத் தோப்பாண்ட போய்ப் பாரு. அந்தம்மா சொல்ப நேரமா படுத்துகினுதான் கீது" என்றார் அவர்.

தோப்பு நிழலில் பக்கத்து வீட்டு அம்மாவின் மடியில் தலை வைத்து என் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் மண்டியிட்டு அவள் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, "நீங்க எங்க இங்க?" என்றாள்.

"பஸ்ஸுல வாந்தி எடுத்திருச்சு தம்பி. அசதியா இருக்குன்னுச்சு, படுக்க வெச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா.

"வெள்ளரிப் பிஞ்சு? தின்னீங்களா?"

"தின்னோமே. ஏன் தம்பி?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "பையத் திறந்ததுமே சீமெண்ணெ மாதிரி ஒரு வாடை. உங்க வீட்டம்மா கழுவ வேணாம்னு சண்டை போட்டுச்சு, நான் கேக்கல. கிணத்தடியில மூணு தண்ணி மாத்தி தேய்ச்சுக் கழுவி, தோலையும் சீவிட்டுத்தான் டப்பாவுல போட்டேன். போன வருஷம் எங்க சொந்தத்துல ஒரு புள்ளைய வாந்திபேதியில பறிகொடுத்தோம். அதுலேர்ந்து கழுவாம எதையும் வாயில வெக்க விடமாட்டேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் என் மனைவி எழுந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா கிணத்தடிக்குப் போறதுக்கு முன்னாடி, நான் ஒண்ண எடுத்து அப்படியே கடிச்சுத் தின்னுட்டேன்."

அந்த ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கூட்டிப்போனோம். பெண் டாக்டர். எந்த மருந்து, எத்தனை மணிக்குத் தின்றது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நாடி பார்த்தார், கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார், வயிற்றில் குழல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். இரண்டு பெண் குழந்தைகளையும் விடவில்லை. "வாந்தி பஸ்ஸாலயா மருந்தாலயான்னு இப்ப சொல்ல முடியாது. தோல் மேல இருக்கிறது கழுவினா பெரும்பாலும் போயிடும், உள்ள இறங்கினது போகாது. நாலு மணி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் முகத்தைப் பார்ப்பேன், கையைத் தொட்டுப் பார்ப்பேன். குழந்தை அசைகிறதா என்று கேட்பேன். அவள் தலையாட்டிவிட்டு ஏதோ யோசனையில் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"நமக்கு ஒரு பைதானே வந்துச்சு? மத்ததெல்லாம் எங்க போச்சு?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. மூட்டை கட்டி வண்டி ஏற்றியாயிற்று என்று அந்த அம்மா என்னிடமே சொன்னார். பஸ்ஸில் ஒரு குழந்தை வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பதைப் பார்த்தேன். அப்படியும், காலையிலிருந்து என் மனைவி தின்னும் பிஞ்சைத் தவிர வேறு எதைப் பற்றியும் எனக்கு நினைப்பு வரவில்லை. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது என் வீட்டைக் காப்பாற்ற மட்டும் அல்ல.

"நான் உன்னை விட்டுட்டு எப்படிப் போறது?" என்றேன்.

"எனக்கு டாக்டர் இருக்காங்க, அக்கா இருக்காங்க. தெரியாம தின்னுகிட்டு இருக்கறவங்களுக்கு யார் இருக்கா? போங்க."

போனேன். அந்தப் பஸ் பயணம் காலையில் வந்ததைவிடக் கொடுமையாக இருந்தது. செங்கல்பட்டு காய்கறி மண்டிக்குள் நுழைந்தபோது மணி மூன்றாகியிருந்தது. மண்டிக்காரரிடம் நான் யார், என்ன நடந்தது என்று சொன்னேன். நாலு மூட்டை வந்ததாம். மூன்று காலையிலேயே போய்விட்டது. ஒன்று மட்டும் ஈரச் சாக்கின் கீழ் இருந்தது.

"இன்னா சார் பேஜாரா கீது! இத நீங்க அவங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?" என்றார் அவர்.

"சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லல" என்றேன். எல்லோர் எதிரிலும் அதைச் சொல்ல நாக்கு கூசியது. ஆனால் அப்படி ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் என்னை நம்பினார் என்று நினைக்கிறேன். ஆளை விட்டு மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்துப் பள்ளம் தோண்டிப் புதைக்கச் சொன்னார்.

அடுத்து பஸ் ஸ்டாண்டு. கூடைக்காரப் பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். ஒருத்தர், "என் வவுத்துல அடிக்க வந்தியா?" என்று சத்தம் போட்டார். ஒருத்தர் கூடையை மோந்து பார்த்துவிட்டு, துணியைப் போட்டு மூடி எழுந்து போனார். ஆனால் முக்கால்வாசிக் கூடைகள் காலி. அந்தப் பிஞ்சுகள் எந்தெந்த பஸ்ஸில் ஏறி எந்தெந்த ஊருக்குப் போயின என்று யாருக்குத் தெரியும்?

பொழுது சாயும்போது மகாபலிபுரம் பஸ்ஸில் என் மனைவி வந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது, அவ்வளவுதான். டாக்டர் பயமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா குழந்தைகளைக் கையில் பிடித்தபடி, "அல்லா காப்பாத்திட்டான் தம்பி" என்றார்.

மறுநாள் அந்த வெள்ளரிக் கொல்லைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லியிருந்தா பறிச்சிருப்பனா சார்?" என்று மட்டும் கேட்டார். கோபமாகத் திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

ஒரு வாரம், வேலை முடிந்ததும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வாந்தி, வலிப்பு என்று யாராவது வந்தார்களா என்று விசாரித்தேன். "கோடையில தினம் பத்துப் பேரு வாந்தின்னு வராங்க சார். யாரு எதத் தின்னாங்கன்னு எப்டி சொல்றது?" என்றார் ஒரு நர்ஸ். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆடி முடிவதற்குள் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. அந்தச் சந்தோஷத்தின் நடுவிலும் ஒரு உறுத்தல் இருந்தது.

அதன்பிறகு ஓய்வு பெறும் வரை, மருந்து பற்றி யாரிடம் பேசினாலும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்வேன், அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மருந்தின் பேரையே எடுப்பேன். எங்கள் வீட்டில் எந்தக் காயும் பழமும் மூன்று தண்ணீர் மாற்றாமல் தட்டுக்கு வராது. என் மனைவிதான் இப்போது அதில் கண்டிப்பு. ஆனாலும், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையால் அந்த விஷம் முகம் தெரியாத எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனது என்று தெரியாமலேயே எனக்கு வயதாகிவிட்டது.