செத்த லேப்டாப்பிலிருந்து ஒரு விளக்கு

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து, உள்ளே இன்னும் உயிரோடிருக்கும் செல்களைப் பொறுக்கி, எமர்ஜென்சி லைட்டும் பவர் பேங்கும் செய்து விற்பது எங்கள் தொழில். ‘எங்கள்’ என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். தொழில் வீட்டுக்காரருடையது, கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்குவது என்னுடையது. புருஷன் கடையில் சம்பளமில்லா வேலைக்குச் சிக்கிய சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூர், சென்னைக் கம்பெனிகள் கழித்துப்போட்ட பேட்டரிகள் திருச்சானூருக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய காலம் அது.

நம்பர் பெரிசா இருக்கணும்

வரதய்யபாளையம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவர் பவர் பேங்க் வாங்க வந்தார். பொய் சொன்னால் முட்டி போட வைக்கும் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். “உள்ளே இருப்பது பழைய செல். அட்டையில் பத்தாயிரம் mAh என்று இருக்கும், நாலாயிரம் தேறினால் அதிகம். தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்” என்றேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் பலமாக இருமினார்.

வந்தவர் அசரவில்லை. “உள்ள எது இருந்தா இன்னாக்கா? ஹாஸ்டல்ல அவனவன் இருபதாயிரம் வச்சிக்கினு சுத்துறான், எனக்கும் இருபதாயிரம்னு ஸ்டிக்கர் ஒட்டிக் குடு.”

கன்ன மீட்டர்

செல்லோ லைட்டோ, சார்ஜ் ஏற்றி மூன்று நாள் சும்மா வைப்போம். நாலாம் நாள் மீட்டரில் வோல்ட் இறங்கியிருந்தால் உள்ளே கோளாறு. மணல் வாளிக்குப் போய்விடும். அந்தக் கடையில் நான் பிடிவாதமாகக் காப்பாற்றிய ஒரே விதி இது.

சால்டரிங் வேலை பார்த்த முனிரத்தினம் புத்தூர்க்காரர், என்னைவிட மூத்தவர், மீட்டரை நம்பாதவர். செல்லைக் கன்னத்தில் வைத்துத்தான் சூடு பார்ப்பார். ஒரு நாள் ஒன்று புஸ்ஸென்று புகைந்து அவர் தாடையைப் பொசுக்கிவிட்டது. இப்போதாவது புத்தி வந்ததா என்று கேட்டேன். களிம்பு தடவிக்கொண்டே சொன்னார்: “சூடு தெரிஞ்சிச்சா இல்லியா? அப்போ டெஸ்ட்டு கரெக்ட்டுதானேம்மா.”

பொட்டு வைத்த பெட்டிகள்

மூன்று நாள் தாண்டித் தேறிய லைட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை பூஜையில் குங்குமம் வைப்பேன். பொட்டிருந்தால் பெட்டி வெளியே போகலாம். எங்களுக்கு அதுதான் முத்திரை.

ஆயுத பூஜை வந்தது. மீட்டர், மேஜை, கதவு என்று பொட்டு வைத்துக்கொண்டே போன என் கை, ஓரத்தில் மூன்று நாள் சோதனையில் முதல் நாளே ஆகியிருந்த ஆறு பெட்டிகளுக்கும் வைத்துவிட்டது. மறுநாள் நான் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனால், ஆறும் நகரித் தறிக்காரர்களுக்கு பஸ் ஏறிப் போயிருந்தன. நான் போட்ட கூச்சலுக்கு முனிரத்தினம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பொட்டு வச்சது நீங்க, அனுப்புன பாவம் மட்டும் எனக்கா?”

ஆறாவது லைட்

ஆர்டர் கொடுத்தவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு நானே நகரிக்குப் போனேன். ஐந்து வீடுகளில் லைட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பையில் போட்டேன். ஆறாவது வீடு கன்னியம்மாவுடையது. புருஷன் திருப்பூரில் வேலை. கைத்தறியை ஒருத்தியாக ஓட்டிக் குடும்பத்தை நடத்துகிறவள். சார்ஜில் இருந்த லைட் அன்று காலையில்தான் வெடித்திருந்தது. தறியில் பாதிப் பாவு நூல் கருகிக் கிடந்தது. அணைக்கப் போன வலது கையில், முழங்கைவரை கட்டு.

சோதிக்காத லைட் அது, அனுப்பலாம் என்று அடையாளம் வைத்தது நான்தான் என்று ஒளிக்காமல் சொன்னேன். ஆஸ்பத்திரிச் செலவு, பாவு நஷ்டம் எங்களுடையது என்றேன். அடிக்கட்டும் என்றே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள்.

“அதுல நல்லதா ஒண்ணு வச்சிட்டுப் போக்கா. கரண்டு போனா இந்த ரூம்புல நூல் கூட கண்ணுக்குத் தெரியாது, கை ஆறுனதும் நான் எப்பிடி நெய்யறது?”

பழைய செல்லில் ஆபத்து இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம், சகோதரிகளே: அதை வாங்க ஆள் எப்போதும் வரிசையில் நிற்கிறது, தர மாட்டேன் என்று பையை இறுக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள்தான் ஈவிரக்கமில்லாதவள்.