பயண நாள் எழுதாத விண்ணப்பம்

அந்தமான் நிக்கோபாரிலிருந்து சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் தீவுக்காரர்களுக்குத் தங்க இடம் கொடுக்கும் ஒரு சங்கத்துக்கு நான் எட்டு ஆண்டுகள் தலைவராக இருந்தேன். அங்கே ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் நான்கு அறைகள். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். யாருக்கு அறை, யாருக்கு இல்லை என்பதை போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் ஸ்கூட்டர் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை நான் ஒரு கணினியிடம் ஒப்படைத்தேன். அதில் ஒருவர் வாழ்வு எப்படிப் போயிற்று என்பதை எழுதி வைக்கிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கணினி பற்றி ஒன்றும் தெரியாது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன்.

அதற்கு முன்பெல்லாம் விண்ணப்பங்களை எங்கள் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்த்த அம்மாள் படிப்பார். சந்தேகம் இருந்தால் போன் போட்டு விசாரிப்பார். பிறகு ஒரு தாளில் பெயர்களை வரிசையாக எழுதி என் மேசையில் வைப்பார். இது செயற்குழுவில் சிலருக்குப் பிடிக்கவில்லை.

"மேடம் வீட்ல சூரை மீன் வாசனை வந்தா, யாருக்கோ ரூம் கிடைச்சிருச்சுன்னு அர்த்தம் சார்," என்றார் ஒரு கான்ட்ராக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

டீ கொண்டுவந்து வைத்த அந்த அம்மாள், "மீன் வந்தது நிஜம்தான் பாய். உங்க மாமியாருக்கு ரூம் குடுத்தப்போ ஒரு நண்டுகூட வரலையே!" என்றார். சிரிப்பு இன்னும் பலமானது. ஆனாலும் புகார் அப்படியே நின்றது.

அந்தச் சமயத்தில் நிறுவனத் தலைவர்களுக்கென்று ஒரு ஹோட்டலில் பயிற்சி வகுப்பு நடந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், விண்ணப்பங்களைப் படம் எடுத்துக் கொடுத்தால் போதும், செயற்கை நுண்ணறிவு அவசரம் பார்த்து வரிசைப்படுத்திவிடும், ஆள் பார்க்காது என்றார். 'ஆள் பார்க்காது' என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. அதை வாங்கினேன்.

சோதித்துப் பார்க்காமல் வாங்கவில்லை. பழைய விண்ணப்பங்கள் பத்தை எடுத்துக் கொடுத்தேன். வரிசை கச்சிதமாக வந்தது. அந்தப் பத்தும் நகரத்துக்குள்ளேயே இருக்கும் குட்வில் எஸ்டேட், பத்துபஸ்தி, ஜங்லிகாட்டுக்காரர்கள் எழுதியவை. என் கைக்கு எட்டியவை அவைதான். அவர்கள் எல்லோரும் விமானத்தில் போகிறவர்கள். பயண நாள் என்ற கட்டத்தில் தேதியும் நேரமும் எழுதியிருந்தார்கள்.

அந்த அம்மாள் மட்டும் ஒன்று சொன்னார்: "சார், தூரத் தீவுல இருக்கற கச்சல்காரங்க, காம்ப்பெல் பேகாரங்க தேதி எழுத மாட்டாங்க. அவங்க கப்பல்லதான் வரணும். ஜஹாஸ் எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது. இதுக்கு அது புரியுமா?"

"படிவத்தை முழுசா நிரப்பணும்மா. அது எல்லோருக்கும் பொது."

"டீக் ஹை சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டியலில் அவர் கை வைக்கக் கூடாது என்று அன்றே உத்தரவும் போட்டேன்.

முதல் பட்டியலில் பதினோராவதாக இருந்தவர் கச்சல் தீவில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி. தொண்டையில் புற்றுநோய். ஐந்து வாரம் கதிர்வீச்சு தரவேண்டும் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறு குறியை அழுத்தினால் காரணம் தெரியும். நான் அழுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அழுத்திப் பார்த்தேன். 'பயணத் திட்டம் உறுதியில்லை' என்று இருந்தது.

விண்ணப்பம் எழுதியிருந்த அவர் மனைவிக்கு நானே கடிதம் எழுதினேன். 'கணினி முறையில் பாரபட்சமின்றிப் பரிசீலித்ததில் தற்போது இடமில்லை.' பாரபட்சமின்றி என்று எழுதியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த பட்டியலிலும் அவர்கள் கீழேதான் இருந்தார்கள். மூன்றாவது முறை அந்த அம்மாள் விண்ணப்பத்தையே எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார், இத மட்டும் நீங்களே ஒரு தடவ படிங்க."

"கை வெச்சா பழைய கதைதான். மீன் வாசனைன்னு மறுபடியும் ஆரம்பிப்பாங்க," என்றேன். தாளை நான் வாங்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அவர்களாகவே தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இடம் பிடித்துச் சென்னைக்குப் போனார்கள். கதிர்வீச்சுக்கான கட்டம் தாண்டிவிட்டது என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த மழைக்கு முன் அவர் கச்சலிலேயே இறந்தார். முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஏதோ ஒரு சான்றிதழுக்காகப் போர்ட் பிளேருக்கு வந்த, இறந்தவரின் மனைவி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். சண்டை போட வரவில்லை. எதிரே உட்கார்ந்து, "ஐயா, எங்க காயிதத்த யாரு படிச்சது?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் பார்த்துச்சும்மா."

"அது சரிங்க ஐயா. நீங்க?"

எங்கள் அலுவலக அம்மாள் கதவருகே நின்றிருந்தார். நான் படிக்கவில்லை என்று சொன்னேன். யாரும் படிக்கவில்லையா என்று வந்தவர் மறுபடியும் கேட்டார். இந்தம்மா படித்தார், நான்தான் கேட்கவில்லை என்றேன். அவர் எழுந்து, அந்த அம்மாளின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, கப்பலுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

செயற்குழுவைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். "நோய் முத்திருச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க? மினிட்ஸ்ல எழுத வேணாம் சார்," என்றார் கான்ட்ராக்டர். எழுதினேன். தலைவர் பொறுப்பையும் விட்டேன். கணினி இன்னும் இருக்கிறது. எந்த அறை என்றைக்குக் காலியாகும் என்று அது சொல்கிறது, அதைச் சரியாகவே சொல்கிறது. வரிசையை அந்த அம்மாளும் இன்னும் இருவரும் விண்ணப்பங்களை வாய்விட்டுப் படித்துப் போடுகிறார்கள். கப்பல் மட்டுமே போகும் தீவுகளுக்குப் போன் போடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாதி நாள் லைன் கிடைக்காது.

கச்சல்காரரின் விண்ணப்பத்தை அவர் மனைவி வந்துபோன அன்று மாலைதான் படித்தேன். பயண நாள் கட்டம் காலி. தாளின் அடியில், கட்டங்களுக்கு வெளியே, பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்: 'கப்பல் எப்போ வரும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. எது முதலில் வந்தாலும் ஏறிவிடுவோம். பெட்டி கட்டி வைத்திருக்கிறோம்.'

கட்டிய பெட்டியை எத்தனை நாள் கழித்து அவிழ்த்தார்கள் என்று நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.