கல் துரைக்குப் பெரட்டு

உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், சதுரக் கோபுரமும் கூர்முனைச் சன்னல்களுமாக, பழைய இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயம் போலவே ஒன்றை வெள்ளைக்காரர்கள் கட்டிவைத்திருக்கிறார்கள். உள்ளே கல்லறைமேல் ஒரு கல் துரை, கைகூப்பி, கண்மூடி மல்லாந்திருக்கிறார். காலடியில் கல் நாய்.

காவல்காரருக்குக் காதுவரை கம்பளித் தொப்பி, நெற்றி நிறைய விபூதி. நான் பார்க்கப் போன காலையில் கதவைத் திறந்ததும், விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும் கங்காணியின் குரலில் துரையிடம் சொன்னார்:

"பெரட்டு கலஞ்சிருச்சு. இம்புட்டு நேரம் தூங்குனா வேலையில்ல. லயத்து வீட்டுக்கே திரும்பிப் போங்க."

தினமும் இப்படித்தானாம்.

"கும்பிட்டுக் கேக்குறாரே, பாவமில்லையா?" என்றேன்.

"எங்காளுங்களும் கும்பிட்டுத்தாங்க கேட்டாங்க" என்றபடி துரையின் மூக்கைத் துடைத்தார்.

"அப்ப நாய்?"

"அது முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கு. அதுக்கு இன்னிக்கு வேலைக்குப் பேர் போட்டாச்சுங்க."

குனிந்து பார்த்தேன். நாய் முழித்துக்கொண்டுதான் இருந்தது.

இப்போதும் வேலைக்குப் பிந்தும் நாட்களில், அவர் எனக்குப் பேர் போடுவாரா என்றுதான் யோசிக்கிறேன்.