பேச்சியம்மாள் டீச்சரைச் சோதிக்கப் போடிமெட்டு ஏறியது

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு தை மாதம், ஓர் ஆசிரியையைச் சோதிப்பதற்கென்றே போடிமெட்டு போனேன். பயிற்சிச் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்களுக்குத் தேர்வு வைத்து, தேறாதவர்களை நிறுத்திவிடுவது என்று எங்கள் கல்வி அலுவலகத்தில் முடிவாகியிருந்தது. ஏலத்தோட்டப் பள்ளி ஒன்று என் பங்குக்கு வந்தது. (குளிர் என்பதால் மூத்தவர்கள் யாரும் கேட்கவில்லை.)

மதுரையில் காலை ஏழுக்கு ரயில் ஏறினால் பதினொன்றரைக்குப் போடிநாயக்கனூர். சாப்பிட்டுவிட்டு, தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் எட்டணா கொடுத்து ஏறினேன். பதினாறு மைல், இரண்டு மணி நேரம். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கி, பின் இருக்கைக் குலுக்கலில் ஒன்பதோடு விட்டுவிட்டேன். முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

"என்ன சோலியாண்ணே போறீக?" என்றார் டிரைவர். சொன்னேன்.

"டீச்சருக்கே பரீட்சையா!" என்று சிரித்தவர், அப்புறம் மெட்டு வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். அவர் மகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

தகரக் கூரை போட்ட ஒரே அறை, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆசிரியை பேச்சியம்மாள் மலையடிவாரத்துத் தேவாரம் ஊர்க்காரர், எட்டாவது வரை படித்தவர். அவருக்கு முன்னால் வந்த பயிற்சி பெற்ற இருவரும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லையாம். இவர் மூன்று வருடமாக இருக்கிறார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் செய்தித்தாளைத் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

எழுத்துத் தேர்வில் தமிழுக்கு முழு மதிப்பெண் போட்டேன். கணக்கில்தான் இடித்தது. 612-ஐ ஆறால் வகுத்து 12 என்று எழுதியிருந்தார். அதே கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். தூக்கிக் காட்டிய சிலேட்டெல்லாம் 12.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "நாந்தான் சார் இப்படிச் சொல்லிக்கொடுத்தேன்."

வாசலில் நின்ற ஒரு தாய், "ஐயா, ரெண்டு மார்க்கு கூடப் போட்டு விட்ருங்க. இவுக போயிட்டா இந்தக் குளிருக்கு வேற யாரு வருவா?" என்றார். எனக்கும் அந்த எண்ணம் ஓடாமல் இல்லை.

"வேணாம் சார். தப்பைத் தப்புன்னே எழுதுங்க. எங்க தப்புன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க" என்றார் பேச்சியம்மாள்.

மலையிறங்கும் ஐந்து மணி ஜீப்பை விட்டுவிட்டேன். நூறு, பத்து, ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டினேன். அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஒரு பத்தை ஆறு பேருக்குப் பங்கு வைக்க வராது. அந்த எடத்துல சுழி போடணும். நான் எடத்தையே விட்டுட்டேன்."

ஏலக்காய் உலர்த்தும் அறையின் வெதுவெதுப்பில் தூங்கி எழுந்தபோது சட்டையெல்லாம் ஏலவாசம்.

காலையில் அவர் வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "நேத்து வரைக்கும் ஒங்களுக்கு வகுத்தலைத் தப்பாச் சொல்லிட்டேன். வெரசா சிலேட்டைத் தொடைங்க." ஆறு பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் பங்கு வைத்தே புரியவைத்தார். சான்றிதழ் வைத்திருக்கும் நான் அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எந்த வகுப்பிலும் ஒப்புக்கொண்டதுமில்லை.

கணக்கில் தேறவில்லை என்றே எழுதினேன். அதன் கீழே, அன்று காலை பார்த்ததை ஒரு பக்கம் எழுதினேன். ஒரு வருடம் நீடிக்கலாம், மறுபடி எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதினார், தேறினார்.

ஆசிரியருக்குச் சோதனை எதற்கு என்று கேட்பவர்களோடு இன்றும் எனக்கு உடன்பாடில்லை. நான் போயிராவிட்டால் அந்த 12 திருந்தியிருக்காது. ஆனால் ஐந்து மணி ஜீப்பில் இறங்கியிருந்தால், ஒரு நல்ல பள்ளியை மூடிவிட்டு வந்திருப்பேன்.

போகிறவர்களுக்கு: தையும் மாசியும் நல்ல மாதங்கள், மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். கம்பளி அவசியம். ஆசிரியர் எவரையாவது சோதிக்கப் போகிறீர்கள் என்றால், மறுநாள் காலை வகுப்பையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.